கடல் கடக்கும் பொதிகள்

பொருளை விளைவித்தலும் செய்தலும் ஒரு தொழில். அதனைக் கெடாமல் வாங்குவோர் கையிற் சேர்ப்பித்தல் மற்றொரு தொழில். முன்னதை நாம் கண்ணாரக் காண்கின்றோம். வயலில் உழவரையும், தறியில் நெசவாளரையும், ஆலையில் தொழிலாளரையும் நாள்தோறும் பார்க்கின்றோம். பின்னதையோ பெரும்பாலும் காண்பதில்லை. நன்கு கட்டப்பெற்ற சிப்பம் ஒன்று பழுதின்றிச் சென்று சேருமாயின், அதனைக் கட்டியவரை எவரும் நினைப்பதில்லை. பழுதுற்றால் மட்டுமே அவர் நினைவு வரும். பல மாதம் உழைத்துச் செய்த பொருள், ஒரு கயிறு தளர்ந்தமையாலோ, ஒரு பலகை உலராமையாலோ பாழாகிவிடுதல் உண்டு.

கடல்வழியே செல்லும் பொருள் படும் பாட்டைச் சிறிது எண்ணிப் பாருங்கள். முதலில் அது லாரியிலே குலுங்கிச் செல்கிறது. பின்பு பாரந்தூக்கி அதனை வானில் உயர்த்தி இறக்குகிறது. கப்பலில் அதன்மேல் பிற பொருள்கள் ஏற்றப்படுகின்றன. கப்பலோ ஓரிடத்தில் நில்லாது வாரக்கணக்கில் இருபுறமும் சாய்ந்தாடுகிறது. கொந்தளிக்கும் பெருங்கடலில், பொருளின் எடையில் ஐந்தில் நான்கு பங்கு அளவான விசை அதனைப் பக்கவாட்டில் தள்ளும் எனக் கொண்டே சரக்கைக் கட்டுதல் வேண்டும் என்பது இன்றைய விதி. அஃதாவது, நூறு கிலோ எடையுள்ள பெட்டியொன்றை எண்பது கிலோ எடை ஓயாமல் இப்புறமும் அப்புறமும் மாறிமாறித் தள்ளுவதற்கு ஒப்பாகும். வீட்டில் அசையாது நிற்கும் அலமாரியைப் பார்த்துப் பழகியவர்க்கு இது வியப்பாகத் தோன்றும்.

இத்தொழில் நம்மவர்க்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் கடலினின்று நிலத்திற்கு ஏற்றவும் நிலத்தினின்று கடலில் இறக்கவும் குவிந்து கிடந்த பொதிகளை அளந்து, அவற்றின்மீது சோழரது புலி முத்திரையைப் பொறித்துச் சுங்க அலுவலர் காத்தனர் எனப் பட்டினப்பாலை கூறுகின்றது. எகிப்து நாட்டில் செங்கடற்கரையிலுள்ள பெரெனிக்கே என்னும் பழந்துறைமுகத்தை ஆராய்ச்சியாளர் தோண்டியபோது, கோயில் ஒன்றின் தரையிற் பதிந்திருந்த இந்தியத் தாழி ஒன்று கிடைத்தது. அதனுள் ஏறத்தாழ 7.5 கிலோகிராம் மிளகு இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த அம்மிளகு இத்துணைக் காலம் அழியாதிருந்தமைக்கு அந்நாட்டின் வறண்ட காற்றும் ஒரு காரணம். தாழியும் ஒரு காரணம்.

புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்துள்ளன. அத்தகைய சாடிகளின் அடிப்பாகம் தட்டையாக இராது. கூம்பிச் சென்று ஒரு முனையில் முடியும். நிலத்தில் நிற்கமாட்டாத பாண்டத்தை ஏன் செய்தார்கள் என்று முதலில் வியக்கத் தோன்றும். கப்பலின் அடியறையில் அவற்றை வரிசையாக நிறுத்தி, கீழ் வரிசைச் சாடிகளின் தோள்களுக்கிடையே உள்ள பள்ளங்களில் மேல் வரிசைச் சாடிகளின் கூம்பிய அடிகளைச் செருகுவர். அவ்வாறு செருகியபின் ஒன்று மற்றொன்றை அசையவொட்டாமல் பிடித்துக்கொள்ளும். வீட்டிற்குப் பொருந்தாத வடிவம் கப்பலுக்கு முற்றும் பொருந்தியது. மண் நுண்துளைகளை உடையதாதலின் மது கசியாதிருக்கச் சாடியின் உட்புறத்தில் கீல் பூசினர்.

பொதிகட்டும் திறத்தின் எல்லையைக் காண விரும்புவோர் பனிக்கட்டி வாணிகத்தின் வரலாற்றை அறிதல் வேண்டும். குளிரூட்டும் பொறிகள் வழக்கத்திற்கு வராத காலம் அது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து வணிகரான பிரெடரிக் டியூடர் என்பவர், குளிர்காலத்தில் ஏரிகளில் உறையும் பனிக்கட்டியை அறுத்தெடுத்து வெப்ப நாடுகளில் விற்கத் துணிந்தார். 1833-ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘டஸ்கனி’ என்னும் பாய்க்கப்பல் ஏறத்தாழ 180 டன் பனிக்கட்டியுடன் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. சூயஸ் கால்வாய் அப்போது இல்லை. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, நான்கு மாதம் ஓடி அக்கப்பல் செப்டம்பரில் கல்கத்தாவை அடைந்தது. அப்பொழுது அதில் ஏறத்தாழ 100 டன் பனிக்கட்டி உருகாமல் இருந்தது!

இது மாயமன்று, பொதி கட்டிய முறையின் பயனே. பனிக்கட்டியைக் கண்டபடி உடைக்காமல், ஒரே அளவுடைய சதுரப் பாளங்களாக அறுத்தனர். அவற்றை இடைவெளியின்றி நெருக்கி அடுக்கினர். ஓர் அடிக் கன சதுரமான பாளம் ஒன்றிற்கு ஆறு முகங்கள். அதாவது ஆறு சதுர அடிப் பரப்பு. இத்தகைய ஆயிரம் பாளங்களைத் தனித்தனியே வைத்தால் காற்றுப் படும் பரப்பு 6,000 சதுர அடியாகும். அவற்றையே நீளத்திற்குப் பத்து, அகலத்திற்குப் பத்து, உயரத்திற்குப் பத்து என ஒன்றாக அடுக்கினால், வெளியே தெரியும் பரப்பு 600 சதுர அடியே. உருகுதல் வெளிப்பரப்பில்தான் நிகழும். ஆதலின் அடுக்கிய அளவிலேயே கேடு பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. அடுக்கைச் சுற்றி மரத்தூள், வைக்கோல், மரப்பட்டைத் தூள் முதலியவற்றைத் திணித்தனர். இவற்றினிடையே சிறைப்பட்டு அசையாது நிற்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. உருகிய நீர் தேங்கினால் தூள் நனைந்து தன் பயனை இழக்கும் என்பதால், அந்நீர் வடிந்து செல்லவும் வழி செய்தனர். மரத்தூளோ அறுப்பு ஆலைகளில் வேண்டாவென்று கொட்டப்பட்ட கழிவு. விலையற்ற ஒன்றைக் கொண்டு மற்றொன்றைக் காத்த திறத்தை என்னென்பது!

சென்னை மாநகரில் கடற்கரைக்கு எதிரே வட்ட வடிவமான முகப்புடன் விளங்கும் விவேகானந்தர் இல்லத்தை உங்களுட் சிலர் பார்த்திருக்கலாம். டியூடரின் கப்பல்களில் வந்திறங்கிய பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்காக 1842-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட கட்டடம் அது. 1897-ஆம் ஆண்டில் சுவாமி விவேகானந்தர் அங்குத் தங்கினார். ‘ஐஸ் ஹவுஸ்’ என்னும் பெயர் அப்பகுதி மக்களின் நாவில் இன்றும் வழங்குகின்றது.

பனிக்கட்டிக்கு வெப்பம் பகை. ஏனைய பெரும்பாலான பொருள்களுக்கோ ஈரமே முதற்பகை. கப்பற் பொருள் நனையும் என்றவுடன் கடலலை உள்ளே புகுந்துவிடும் என்றே பலரும் எண்ணுவர். அலை புகாத பெட்டகத்திலும் பொருள் நனைதல் உண்டு. குளிர்ந்த நீர் ஊற்றிய பித்தளைச் செம்பின் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் அரும்புவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த உலோகத்தில் பட்டுத் துளியாகின்றது. கப்பலிலும் இதுவே நிகழ்கிறது. மழைக்காலத்தில் நம் கரையில் கதவடைக்கப்பெற்ற இரும்புப் பெட்டகம், சில வாரத்தில் வட ஐரோப்பாவின் குளிர்ந்த கடலை அடைகிறது. அதன் கூரைத் தகடு குளிர்கிறது. உள்ளிருக்கும் வெப்பமான காற்றின் நீராவி அத்தகட்டில் துளிகளாகத் திரண்டு, கீழேயுள்ள பொருள்மேல் சொட்டுகிறது. மாலுமிகள் இதனைக் கப்பலின் வேர்வை என்பர். பெட்டகத்தினுள் பெய்யும் மழை என்று கூறுவோரும் உளர்.

அத்துணை நீர் எங்கிருந்து வந்தது? இருபது அடிப் பெட்டகத்தில் உள்ள காற்று ஏறத்தாழ 33 கன மீட்டர். நல்ல வெயிற்காலத்தில் அக்காற்று தாங்கக்கூடிய நீராவி முழுவதையும் நீராக்கினாலும் ஒரு லிட்டர்க்குச் சற்றொப்பவே கிடைக்கும். அதனால் பெருங்கேடு விளையாது. உண்மையான ஊற்று, பெட்டகத்துள் ஏற்றிய மரத்திலும் அட்டையிலும் சரக்கிலுமே உள்ளது. நன்கு உலராத பலகை நூறு கிலோவில் இருபது கிலோவுக்கும் மேற்பட்ட நீர் மறைந்திருத்தல் கூடும். பகலில் வெயிலேறும்போது பலகை அந்நீரை ஆவியாக வெளிவிடுகிறது. இரவில் கூரை அதனைத் துளியாக்கிச் சொட்டுகிறது. பயணம் முழுதும் இவ்வாட்டம் நடைபெறும். ஆகையால் அறிவுடைய வணிகர் பொருளை உலர்த்துவதோடு நில்லார். பொருளைத் தாங்கும் பலகையையும் உலர்த்துவர். கால்சியம் குளோரைடு போன்ற ஈரமுறிஞ்சிகளைப் பைகளிலிட்டுப் பெட்டகத்தின் சுவரிலே தொங்கவிடுவர். புதுக் காலணிப் பெட்டியில் கிடக்கும் சிறு பொட்டலமும் இவ்வேலைக்கே வைக்கப்பட்டது. அதிலுள்ள மணிகள் சிலிக்கா ஜெல் எனப்படும்.

திருப்பூரில் நெய்யும் பின்னலாடைகள் தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியே பல நாடுகளுக்குச் செல்கின்றன. பருத்தி ஈரத்தை விரும்பி ஏற்கும் இயல்பினது. சரியாக உலராத ஆடையை நெகிழித் தாளில் மூடிவிட்டால், அவ்வீரம் வெளியேற வழியின்றிப் பூஞ்சணம் படரும். கடையில் மடிப்பைப் பிரிக்கும்போதுதான் கரை தெரியும். அதற்குள் பொருள் பத்தாயிரம் கிலோமீட்டர் கடந்திருக்கும். இவ்வாடைகளைச் சிப்பமாக்குமுன் ஊசியறியும் பொறியினூடே செலுத்துவதும் உண்டு. தைக்கும்போது ஒடிந்த ஊசிமுனை குழந்தையின் சட்டையில் தங்கிவிட்டால் வரும் தீங்கைச் சொல்ல வேண்டுவதில்லை.

தேயிலைக்கு ஈரத்தோடு மணமும் பகை. மிளகு, சவர்க்காரம், மண்ணெண்ணெய் ஆகிய எதன் அருகில் இருந்தாலும் அதன் மணத்தைத் தேயிலை ஏற்றுக்கொள்ளும். நீலகிரியிலும் இலங்கையிலும் முன்னாளில் தேயிலையை மெல்லிய ஒட்டுப்பலகைப் பெட்டிகளில் அடைத்தனர். பெட்டியின் உட்புறத்தில் ஈயத் தகடும், பின்னர் அலுமினியத் தகடும் வேய்ந்தனர். இப்பொழுது அப்பெட்டிகள் அருகிவிட்டன. பல அடுக்குத் தாள்களால் ஆகிய பைகளே மிகுதியாக வழங்குகின்றன.

தாளைக் குறித்துத் தனியே சில சொற்கள் கூறுதல் வேண்டும். இரண்டு தட்டைத் தாள்களுக்கிடையே அலைபோல மடித்த தாளை ஒட்டிச் செய்யும் அட்டை நாம் அறிந்ததே. 1856-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் முதன்முதல் உரிமைப் பட்டயம் பெற்றபோது, இவ்வலைத் தாள் உயரமான தொப்பிகளின் உள்ளே வைக்கவே பயன்பட்டது. 1871-இல் அமெரிக்கர் ஒருவர் அதனைக் கண்ணாடிப் புட்டிகளைச் சுற்றப் பயன்படுத்தினார். பெட்டி செய்யப் பயன்பட்டது அதன்பின்னரே. தாளாயினும் அதன் வலிமை பெரிது. ஆனால் அவ்வலிமை பெட்டியின் நான்கு மூலைகளிலேயே பெரும்பாலும் அடங்கியுள்ளது. மேலுள்ள பெட்டியின் மூலை கீழுள்ள பெட்டியின் மூலைமேல் நேராக அமைந்தால் அடுக்கு உறுதியாக நிற்கும். செங்கல் அடுக்குவதுபோல மாற்றி மாற்றி அடுக்கினால் பார்வைக்கு உறுதியாகத் தோன்றும். எனினும் பாரம் மூலையினின்று விலகி வலுவற்ற நடுப்பகுதியில் விழுவதால் பெட்டி நசுங்கும். காற்றில் ஈரம் மிகுந்தாலும் அட்டை தன் வலிமையில் பாதியளவு வரை இழந்துவிடும். கிடங்கில் உலர்ந்த நாளில் ஆளுயரம் நின்ற அடுக்கு, கடலில் ஏன் சாய்கின்றது என்பதற்கு விடை இதுவே.

இவ்வளவு மெல்லிய தாளைக் கொண்டு முட்டையையே கடல் கடத்துகின்றனர். நாமக்கல் வட்டாரத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் முட்டைகளைக் கருதுக. தாட்கூழாற் செய்த தட்டு ஒன்றில் முப்பது குழிகள். குழிக்கு ஒரு முட்டை. பன்னிரண்டு தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஒரு பெட்டியில் 360 முட்டைகள் அடங்கும். குழிகளுக்கிடையே கூம்புகள் எழுந்து நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். மேல்தட்டின் பாரம் அக்கூம்புகளின் வழியாகவே கீழே இறங்குமாறு தட்டு அமைந்துள்ளது. முட்டை தன் தோழனைச் சுமப்பதில்லை. அகன்ற முனையில் காற்றறை இருப்பதால் அம்முனை மேல்நோக்குமாறு வைப்பர். குளிரூட்டிய பெட்டகத்தில் செல்லும் முட்டையைத் திடீரென வெயிலில் எடுத்தால் அதன் ஓட்டில் நீர் அரும்பும். அந்நீரோடு நுண்ணுயிர் ஓட்டின் துளைகளினூடே உட்புகும். எனவே குளிர்ச்சி இடையில் அறுபடாமல் காத்தல் இன்றியமையாதது.

பஞ்சோ முட்டைக்கு நேர்மாறு. அதனை எவ்வளவு அழுத்தினாலும் கெடாது, அழுத்தாவிட்டால்தான் நட்டம். கப்பற் கூலியை எடைக்கும் கன அளவுக்கும் எது மிகுதியோ அதற்கே வாங்குவர். ஒரு கன மீட்டரை ஒரு டன்னுக்கு ஒப்பாகக் கொள்வது வழக்கு. தளர்ந்த பஞ்சை அனுப்புவோர் காற்றுக்குக் கூலி கொடுத்தவர் ஆவர். அதனால் பஞ்சைப் பொறியால் நெருக்கி, 170 கிலோ எடையுள்ள பேல்களாக்கி, இரும்புப் பட்டைகளால் இறுகக் கட்டுகின்றனர்.

இனி மரத்தைப் பற்றிக் காண்போம். பாரமான இயந்திரங்களுக்கு மரச்சட்டப் பேழையும், பெட்டிகளை அடுக்குவதற்குப் பலகைத் தட்டும் இன்றியமையாதவை. இப்பலகைத் தட்டைப் பாலட் என்று துறைமுகத்தில் வழங்குவர். நெடுங்காலம் இதனை எவரும் பொருட்படுத்தவில்லை. மலிவான மரத்தை அறுத்து ஆணியடித்தால் போதும் என்றே கருதினர். மரத்தினுள்ளே உறங்கும் உயிரை எவரும் எண்ணவில்லை. 1996-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில் சாலையோர மேப்பிள் மரங்களில் விரலளவான வட்டத் துளைகள் காணப்பட்டன. ஆராய்ந்தபோது, நீண்ட உணர்கொம்புகளை உடைய ஆசிய வண்டு ஒன்று அம்மரங்களைக் குடைந்திருந்தது. சீனத்திலிருந்து வந்த மரப்பேழைகளில் புழுவாக மறைந்து அது கடல் கடந்தது எனக் கொள்ளப்படுகின்றது. பிறந்த நாட்டில் அதனை உண்ணும் பகைகள் உண்டு. புகுந்த நாட்டில் இல்லை. மருந்தால் மீளாத மரங்களை ஆயிரக்கணக்கில் வெட்டி எரித்தனர். 2002-ஆம் ஆண்டில் டெட்ராய்ட் நகருக்கு அருகில் கண்டறியப்பட்ட மரகதப் பச்சை நிறமுடைய மற்றொரு வண்டோ, ஆஷ் என்னும் மரங்களைக் கோடிக்கணக்கில் அழித்துவிட்டது. அதுவும் பொதிமரத்தின் வழியாகவே வந்திருத்தல் வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. விற்ற பொருளின் விலை சில ஆயிரம் டாலர். கட்டிய பலகையால் இழந்ததோ காடு!

இதன் பயனாக 2002-ஆம் ஆண்டில் நாடுகள் பல கூடிப் பொதிமரத்திற்கென ஒரு விதியை வகுத்தன. பலகையின் நடுப்பகுதி 56 பாகை செல்சியஸ் வெப்பத்தை எட்டி, அவ்வெப்பத்தில் தொடர்ந்து 30 நிமிடம் நிற்குமாறு சூடேற்றுதல் வேண்டும். மேற்பரப்பு மட்டும் சுடுதல் போதாது; புழு இருப்பது உள்ளேயன்றோ? இவ்வாறு பதப்படுத்திய பலகையில் கோதுமைக் கதிர் வடிவமான முத்திரையும், நாட்டின் குறியும், பதப்படுத்தியவரின் எண்ணும், பதப்படுத்திய முறையின் குறியும் பொறிக்கப்படும். முத்திரையில்லாப் பலகையைக் கண்டால் வாங்கும் நாட்டின் அலுவலர் அதனை எரிக்கவும், சரக்கோடு திருப்பியனுப்பவும் உரிமை உடையர். ஒட்டுப்பலகைக்கு இவ்விதி இல்லை; பசையும் வெப்பமும் சேர்த்து அழுத்திச் செய்யும்போதே அதிலுள்ள உயிர்கள் மாண்டுவிடுகின்றன. அன்று புலி முத்திரை வரியைக் காத்தது; இன்று கதிர் முத்திரை காட்டைக் காக்கின்றது.

முத்திரைகளில் யாவரும் அறியத்தக்கவை பெட்டியின் புறத்தே காணும் படங்கள். விரித்த குடை, நனைக்கற்க என்னும். மதுக்கிண்ணம், எளிதில் உடையும் என்னும். மேல்நோக்கிய இரு அம்புகள், இப்புறம் மேலிருக்கட்டும் என்னும். துறைமுகந்தோறும் மொழி வேறு. எழுதப் படிக்க அறியாதவரும் பாரம் சுமந்தனர். ஆதலின் எழுத்தினும் படமே பயன் தந்தது. ஒரு குறிப்பு: எல்லாப் பெட்டியிலும் கிண்ணப் படத்தை ஒட்டுவோர் எந்தப் பெட்டியையும் காப்பவர் ஆகார். எங்கும் காணும் எச்சரிக்கையைக் கண் விரைவில் மறந்துவிடும்.

இதுகாறும் கூறிய பொதிகளை ஒவ்வொன்றாகத் தோளிலும் கொக்கியிலும் ஏற்றிய காலம் 1956-இல் மாறத் தொடங்கியது. அவ்வாண்டு ஏப்பிரல் 26-ஆம் நாள் ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் கப்பல், 58 இரும்புப் பெட்டகங்களை ஏற்றிக்கொண்டு அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குச் சென்றது. இதனைச் செய்தவர் மால்கம் மெக்லீன் என்னும் லாரி முதலாளி. சரக்கை லாரியிலிருந்து இறக்கி ஏற்றுவதற்கு மாறாக, லாரியின் பெட்டியையே தூக்கிக் கப்பலில் வைத்தார். உதிரிச் சரக்கை ஏற்ற டன்னுக்கு ஏறத்தாழ 5.86 டாலர் செலவாகிய காலத்தில், இம்முறையில் 16 சென்ட்டே ஆயிற்று. பெட்டகங்கள் ஒரே அளவினவாயின. கப்பல், ரயில், லாரி மூன்றும் அவ்வளவிற்கேற்ப அமைந்தன. 1983-ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகத்தில் இவற்றிற்கெனத் தனி முனையம் ஏற்பட்டது. திருட்டும் உடைவும் பெரிதும் குறைந்தன. தலைமுறை தலைமுறையாகப் பாரம் சுமந்த பல்லாயிரவர் வேலையிழந்ததும் இதனால்தான் என்பதை மறைத்தல் ஆகாது.

பெட்டகம் வந்தபின் பொதிகட்டும் பொறுப்பு கப்பலினின்று நீங்கி, தொலைவிலுள்ள கிடங்கை அடைந்தது. கதவு மூடியபின் உள்ளிருப்பதை மாலுமி அறியார்; எழுதித் தந்ததையே நம்புகின்றார். 2007-ஆம் ஆண்டு சனவரியில் ‘எம்.எஸ்.சி. நாப்போலி’ என்னும் கப்பல் ஆங்கிலக் கால்வாயில் புயலிற் சிக்கி உடல் விரிசலுற்றது. மாலுமிகள் 26 பேரும் காப்பாற்றப்பட்டனர். மேல்தளத்தில் நனையாமல் எஞ்சிய 660 பெட்டகங்களை நிறுத்துப் பார்த்தபோது, அவற்றுள் 137 பெட்டகங்களின் எடை எழுதியதினும் மூன்று டன்னுக்கு மேல் வேறுபட்டிருந்தது. ஒன்றில் வேறுபாடு 20 டன். கப்பல் உடைந்ததற்கு அதன் கட்டமைப்பின் வலுக்குறைவே தலைமைக் காரணம் எனினும், ஏட்டிலுள்ள எடையை நம்பலாகாது என்பது தெளிவாயிற்று. 2016-ஆம் ஆண்டு சூலை முதல் நாளிலிருந்து, நிறுத்து உறுதி செய்த எடையைத் தெரிவிக்காத பெட்டகத்தைக் கப்பலில் ஏற்றலாகாது என்னும் விதி உலகெங்கும் நடைமுறைக்கு வந்தது.

எடையினும் கொடியது அமிலம். 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘எக்ஸ்-பிரஸ் பேர்ல்’ என்னும் கப்பல் 1,486 பெட்டகங்களுடன் கொழும்புக்கு அருகே வந்தது. நைட்டிரிக் அமிலம் அடைத்த பெட்டகம் ஒன்று கசிவதைப் பயணத்தின் இடையிலேயே கண்டிருந்தனர். வழியிலிருந்த இரு துறைமுகங்களில் அதனை இறக்க இயலவில்லை. மே 20-ஆம் நாள் கப்பல் தீப்பற்றியது. பல நாள் எரிந்து, பின்பு மூழ்கியது. அதிலிருந்த ஏறத்தாழ 1,680 டன் நெகிழி மணிகள் கடலிற் கலந்து, நீர்கொழும்பு உள்ளிட்ட மேற்குக் கரையின் மணலை மூடின. ஆமைகளும் மீன்களும் மாண்டு ஒதுங்கின. மீனவர் பலர் கடலுக்குச் செல்ல இயலாது வருந்தினர். நீர்மப் பொருளை அடைப்போர் கலத்தை விளிம்புவரை நிரப்பார். வெயிலில் நீர்மம் விரிவதற்கு இடம் விடுவர். அமிலம் அரிக்காத கலத்தைத் தெரிந்து, மூடியைச் சோதித்து, அருகே எரியும் பொருள் வாராமல் அடுக்கி, இன்னது உள்ளதென்று வெளியே குறியிடுவர். இவற்றுள் எதனையும் கடலிற் சென்றபின் செய்தல் இயலாது.

ஏற்றி முடிந்தபின் எழுத்துவேலை உள்ளது. விலைப்பட்டியல், பொதிப்பட்டியல், சுங்கப் பத்திரம், கப்பற் சரக்குச் சீட்டு எனப் பல ஏடுகள் வேண்டும். பொதிப்பட்டியலில் பெட்டியின் எண்ணும் எடையும் உள்ளிருப்பதும் வரிசையாகக் குறிக்கப்படும். பெட்டி எண் ஏட்டில் ஒன்றும் பெட்டியில் வேறொன்றுமாக இருப்பின் சுங்கச்சாவடியில் நாட்கள் கழியும். நாள்தோறும் கிடங்குக்கூலி ஏறும்.

இறுதியாகப் பெட்டகத்தின் இரு கதவுகளையும் அடைத்து, இரும்பு முளையாலான முத்திரைப் பூட்டை மாட்டுவர். அதற்குச் சாவி கிடையாது; வெட்டியே எடுத்தல் வேண்டும். அதன்மேற் பொறித்த எண்ணைச் சரக்குச் சீட்டிலும் எழுதுவர். வாங்குவோர் முதலில் அவ்வெண்ணை ஒப்புநோக்குவார். பின்பு பூட்டை வெட்டி, இரண்டு கதவுகளையும் ஒருங்கே திறவாமல், கதவுகளைக் குறுக்கே ஒரு வாரால் பிணைத்துவிட்டு வலக்கதவை மட்டும் மெல்லத் திறந்து, ஒருபுறம் ஒதுங்கி நின்று பார்ப்பார். பயணத்தில் சாய்ந்த பெட்டிகள் கதவின்மேல் சரிந்து கிடக்கின்றனவா என்பது அப்பொழுதுதான் தெரியும்.